மரியம்மாளின் பதினோரு மாத்திரைகள்

ஆவணி பிறந்ததிலிருந்து மரியம்மாளுக்கு உலகம் மெல்ல நகர ஆரம்பித்தது. ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் அவள் சமையல்காரி. அடுப்பில் சாம்பார் கொதித்தால் எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல் கேட்டது. வரிசையில் தட்டு நீட்டும் பிள்ளைகளின் முகங்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல் அலைந்தன. ஒரு நாள் கரண்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. முன்னால் நின்ற சிறுமி கையை இறக்காமல் காத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் பொறுமை மரியம்மாளுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

பயம் வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதுவரை ஓடிக்கொண்டே இருந்தவளுக்கு இந்த மிதப்பு யாரோ கொடுத்த விடுமுறைபோல் இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் மகள் தேவிப்ரியா, வயதானால் களைப்பு வரத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

மரியம்மாள் வைத்தியத்தில் குறை வைக்கிறவள் அல்ல. காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஊர்க்காரர்கள் ‘மூணு டாக்டர் கிளினிக்’ என்று சொல்லும் மாடிக் கட்டடத்துக்குத்தான் ஒன்றரை வருடமாகப் போய்வந்தாள். சர்க்கரைக்கு டாக்டர் தர்மதாஸ், எலும்புக்கு டாக்டர் ஜெபகுமார், இதயத்துக்கு டாக்டர் சம்யுக்தா. ஒரே நடைபாதையில் மூன்று கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் தனி டோக்கன், தனி ஃபைல். மூவரும் நல்லவர்கள், பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நாடி பிடித்துப் பார்ப்பார்கள். ஒருவர் அறையில் எழுதியது அடுத்த அறைக்குப் போகாது, அவ்வளவுதான்.

முன்மேசையில் இருந்தவள் திரிசலா. நர்ஸ் படிப்பு முடித்தவள். வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். அப்பா இன்னும் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிறார். மூன்று ஃபைல்களையும் மூன்று அலமாரிகளில் அடுக்குவது அவள் வேலை. ஒரே ஆளின் பேர் மூன்று அலமாரியிலும் இருப்பதை அவள் கவனித்திருந்தாள். சேர்ந்தே வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டும் பார்த்தாள். அவரவர் நோயாளி அவரவர் பொறுப்பு என்று தர்மதாஸ் சொல்லிவிட்டார். கிளினிக்கை ஆரம்பித்தவர் அவர். திரிசலா அதோடு விட்டுவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மரியம்மாளுக்குச் சம்யுக்தாவிடம் டோக்கன் இருந்தது. காலில் வீக்கம் இன்னும் வடியவில்லை. பள்ளியில் விடுப்பு சொல்லிவிட்டு, மாத்திரைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெயில் பாலாடைபோல் எல்லாவற்றின்மேலும் படிந்திருந்தது. கண்டக்டர் ஒருவர் “தாமல், தாமல்” என்று கூவினார். தாமல் அவள் பிறந்த ஊர். அந்தப் பேரைக் கேட்டதும் கால்கள் தாமாகவே ஏறிவிட்டன.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாலை ஓடவில்லை, வயல்கள்தான் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஒரு நெட்டிலிங்க மரம் பஸ்ஸோடு கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்ததுபோல் இருந்தது. எதற்கு இறங்கினோம் என்று தெரியாமலே வழியில் இறங்கினாள், நடந்தாள். பிறகு பார்த்தால் திருப்புட்குழிக் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு ஒன்றைக் காணோம். குளத்தில் மேகங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன. தானும் இன்னும் இரண்டு படி இறங்கினால் அவற்றோடு சேர்ந்துகொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது பைக்குள் போன் அடித்தது. டோக்கன் நேரம் தாண்டியும் ஆளைக் காணாததால் கூப்பிட்டது திரிசலா.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“தண்ணி பக்கத்துல உட்கார்ந்துக்கினு இருக்கேன்மா. மேகமெல்லாம் கீழ வந்துட்டிருக்குது. நீயும் வாயேன்.”

அந்தக் குரல் திரிசலாவை எழுந்து நிற்கவைத்தது. சொற்கள் ஒன்றை ஒன்று தொடாமல், ஒவ்வொன்றும் தனியாகத் தூங்கி விழித்து வருவதுபோல் வந்தன. அவள் பதறாமல், பக்கத்தில் யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னாள். துளசி மாலை விற்கும் பட்டம்மாள் வாங்கி இடத்தைச் சொன்னாள். காலையிலிருந்து இந்தம்மா ஒரு மாதிரியாக உட்கார்ந்திருக்கிறது, தண்ணீரையே பார்க்கிறது என்றாள். வரும்வரை கையை விடாதீர்கள் என்று திரிசலா கேட்டுக்கொண்டாள். பட்டம்மாள் கூடையை மேல்படியில் வைத்துவிட்டு வந்து மரியம்மாளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். திரிசலா ஆட்டோவில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவள் ஒரு மாலைகூட விற்கவில்லை.

கிளினிக்குக் கூட்டிவந்ததும் திரிசலா முதலில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினாள். பிறகு மரியம்மாளின் பையைத் தன் மேசைமேல் கவிழ்த்தாள். பதினோரு அட்டைகள். மூன்று அலமாரியிலிருந்தும் ஃபைல்களை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தாள். இதற்குமுன் அவள் அவற்றைச் சேர்த்துப் படித்ததே இல்லை.

கால் எரிச்சலுக்கு நரம்பு வலி மாத்திரை கொடுத்திருந்தார் தர்மதாஸ். இரண்டு மாதம் கழித்து, கழுத்து வலிக்கு அதே மருந்தை வேறு கம்பெனி பெயரில் எழுதியிருந்தார் ஜெபகுமார். அளவு இரட்டிப்பாகியதும் கால் வீங்கியிருக்கிறது. அந்த வீக்கத்துக்குச் சம்யுக்தா நீர் போகும் மாத்திரை கொடுத்திருந்தாள். தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மூன்று கையெழுத்தும் தெளிவாகத்தான் இருந்தன.

திரிசலா டோக்கன் கூப்பிடுவதை நிறுத்தினாள். காத்திருந்தவர்களிடம் அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு மூன்று கதவையும் தட்டினாள். வேலையில் சேர்ந்த ஆறு வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. மூவரும் வெளியே வந்து, முன்மேசையைச் சுற்றி நின்றார்கள். மூவரும் ஒரே இடத்தில் நிற்பதை ஆயுத பூஜை அன்றைக்கு மட்டுந்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

ஜெபகுமாருக்குக் கோபம் வந்தது. தான் எழுதியதில் தவறில்லை, கழுத்து வலிக்கு அதுதான் மருந்து என்றார். அது உண்மைதான். சம்யுக்தா மரியம்மாளின் கணுக்காலை அழுத்தி, விரல் பதிந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேபிலிருந்து போன் வந்தது. ரத்தத்தில் சோடியம் என்கிற உப்பு ரொம்பக் குறைந்திருந்தது; அப்படிக் குறைந்தால் மூளை மங்கிப்போகும்.

“என் நீர் மாத்திரைதான் இறக்கியிருக்குது,” என்றாள் சம்யுக்தா. “வீக்கம் எதால வந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. பக்கத்து ரூம்ல கேட்டிருக்கலாம். பத்து அடி தூரம்.”

தர்மதாஸ் நாற்காலியை இழுத்து மரியம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவருக்கு அறுபத்தாறு வயது. நோயாளியிடம் தப்பு என்ற சொல்லைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“மரியம்மா, உனக்கு வந்தது வியாதி இல்லம்மா. நாங்க மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசாம விட்டது. தப்பு எங்களோடது.”

மரியம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தலைக்குப் பின்னாலிருந்த மின்விசிறி வெள்ளைப் பறவையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் பாதிதான் அவளுக்குப் புரிந்தது.

அன்றைக்கே பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். சோடியத்தை அவசரப்படாமல்தான் ஏற்றவேண்டும் என்பதால் நான்கு நாள் ஆனது. தேவிப்ரியா லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். அந்த நான்கு நாளில் மரியம்மாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறினாள். முதலில் நர்ஸுகளின் செருப்புச் சத்தம் அருகில் வந்தது. பிறகு டெட்டால் வாசனை. மூன்றாம் நாள் விடியலில் கால் எரிச்சல் பழையபடி திரும்பி வந்தபோது, தன் உடம்பு தன்னிடமே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வந்து, மகள் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் அழுதாள். அந்த மிதப்பில் உயிரே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கிளினிக்கில் திரிசலா மூன்று அலமாரிகளையும் காலி செய்து, ஆளுக்கு ஒரே ஃபைல் என்று மாற்ற இருபது நாள் ஆனது. ஃபைலின் முதல் தாளில் எல்லா மாத்திரையும் ஒரே பட்டியலாக இருக்கவேண்டும், எழுதுகிற டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று தர்மதாஸே சொன்னார். சேர்த்து அடுக்கும்போது இன்னும் ஏழு பேருக்கு ஒரே மருந்து இரண்டு பெயரில் போவது தெரியவந்தது. திரிசலா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள். முன்பே அழுத்திக் கேட்டிருக்கவேண்டும் என்ற நினைப்பு அவளை ரொம்ப நாள் விடவில்லை. வியாழக்கிழமை மதியம் மூவரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டே சிக்கலான ஃபைல்களைப் பேசுவது என்றும் முடிவானது. ஜெபகுமார் முதல் வாரம் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்து, தயிர்சாதத்தைத் தவிர எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வியாழன் மரியம்மாளையே அந்த மேசைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர்கள் சாப்பிடும் இடத்தில் உட்காரத் தயங்கினாள். சம்யுக்தா தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். பதினோரு மாத்திரை இப்போது ஏழாகியிருந்தது. நரம்பு மாத்திரையை அடியோடு நிறுத்தினால் எரிச்சல் ராத்திரியில் தூங்கவிடாது. பழைய அளவுக்கு ஏற்றினால் பகலில் மறுபடி மந்தம் வரும். என்ன செய்யலாம் என்று மூவரும் தங்களுக்குள் பேசினார்கள். பேசி முடித்ததும் தர்மதாஸ், நீ என்னம்மா சொல்றே என்று அவளைக் கேட்டார்.

இதுவரை எந்த டாக்டரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

“பகல்ல நூத்தி இருபது புள்ளைங்களுக்கு நான் சோறு போடணும் சார். அப்போ முழிப்பா இருக்கணும். ராத்திரி கொஞ்சம் எரிஞ்சாலும் பரவால்ல, தாங்கிக்குவேன். சின்ன மாத்திரையா ஒண்ணே ஒண்ணு குடுங்க.”

சம்யுக்தா அதை ஃபைலில் அப்படியே எழுதினாள். கழுத்துக்கு மாத்திரை வேண்டாம், பயிற்சி போதும் என்ற ஜெபகுமார், எழுந்து வந்து மரியம்மாளின் பின்னால் நின்று தலையை எப்படித் திருப்பவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். இடது பக்கம் திருப்பும்போது சுருக்கென்றது. வலது பக்கம் வலிக்கவில்லை.

அவள் இறங்கிப் போனபிறகு சாயங்கால டோக்கன்கள் ஆரம்பித்தன. நாலரை மணிக்கு ஜெபகுமார் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு, கையில் ஒரு ஃபைலோடு வெளியே வந்தார். முழங்கால் வலிக்காக வந்திருந்த, சம்யுக்தாவிடம் இதய மாத்திரையும் வாங்கும் பரசுராமன் என்ற ஷேர் ஆட்டோக்காரர் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஜெபகுமார் திரிசலாவைப் பார்க்கவில்லை. பத்து அடி நடந்துபோய்ச் சம்யுக்தாவின் கதவைத் தட்டினார்.