போறன் என்றான் ஒளிமாறன்

"அண்ணே! தெறக்கிறீங்களா, இல்ல ஒடைக்கட்டுமா?"

குணவதி ஒலிப்பதிவு அறைக் கதவை இரண்டு கைகளாலும் அறைந்துகொண்டிருந்தாள். உள்பக்கம் தாழ். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய அந்தச் சின்ன அறைக்குள், நாகநாதன் காலை நீட்டி உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொள்வது கண்ணாடி வழியே தெரிந்தது.

ஒலிபெருக்கியில் அந்த யாழ்ப்பாணத்துக்காரரின் குரல் வந்தது. மூன்று வருஷமாக நாட்டிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன்னால் கட்டிப்போட்ட குரல்.

"வசனத்தை மாத்து, பிள்ளை. துறக்கிறன்."

"மாத்த முடியாது!"

"அப்ப நானும் துறக்கேலாது."

அந்தக் குரலில் பேசும் தொடர் நாயகன், வேற்றுக்கிரக வீரன் ஒளிமாறன் இன்றோடு விடைபெறுகிறான். பத்தே நிமிடச் சிறப்பு அத்தியாயம். அவன் காப்பாற்றிய ஊரே அவன்மேல் கல்லெறிகிறது. அவன் விண்கலத்தில் ஏறித் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொல்கிறான். படம் எல்லாம் தயார். அந்த ஒரு வசனம்தான் பாக்கி. ஆறு மணி விமானத்தில் டேப் கோலாலம்பூர் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போயாக வேண்டும்.

போய்விட்டால் அடுத்த தொடர் குணவதிக்கு. முதலாளி ஹபீப் முகம்மது வாய் நிறையச் சொல்லியிருந்தார். "முடிச்சுக் குடும்மா, புதுசு ஒண்ணு ஒனக்குத்தான்." போகாவிட்டால் நிலையத்தில் பெயர் கெட்டுவிடும். பிறகு பினாங்கில் எவன் ஒரு பெண்ணிடம் கேமராவைக் கொடுப்பான்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் மறுபடி தொங்க வேண்டியதுதான்.

"என்னாண்ணே ஒங்க பிரச்சனை? 'நான் போகிறேன்.' ரெண்டே வார்த்தை!"

"எந்தத் தமிழன் படியிறங்கேக்க 'போகிறேன்' எண்டு சொல்லுறவன்? சாவு வீட்டில கூடச் சொல்லாமல்தானே எழும்பிப் போறம். மூண்டு வருஷமா ஒவ்வொரு முறையும் ஒளிமாறன் 'சென்று வருகிறேன்' எண்டுதானே சொன்னவன்? இண்டைக்கும் அதையே சொல்லட்டும்."

"அவன் வரப்போறதில்ல. அதான் கதை!"

"உன்ர கதை. என்ர வாய்."

பக்கத்தில் கருவிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அர்ஜுனன், ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிச் சிரித்தான். ஒளிமாறனின் உடம்பு அவன்தான். தொழிற்சாலை வெள்ளை அங்கிக்கு வெள்ளிச் சாயம் அடித்து, தலைக்கவசம் மாட்டி, குதித்ததெல்லாம் அவன். குணவதிக்கு உதவி இயக்குநரும் அவன்தான். வாயைத் திறந்தால் மட்டும் கீச்சென்று வரும்.

"கெழவன் வேணும்னே பண்றாருக்கா. நான் இல்லாம நீங்க இல்லன்னு காட்டுறாராம்."

"எனக்குத் தெரியாதா!" குணவதி பல்லைக் கடித்தாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். அவள் எழுதிய தமிழில் பிழை பிடிப்பார். எல்லார் முன்னாலும் 'ஃபேக்டரித் தமிழ்' என்பார். வேலை தவிர வேறு பேச்சு பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

அர்ஜுனன் அவள் தோளருகே குனிந்தான். "அவரு வசனத்தைப் பேச மாட்டாரு. ஆனா கோவம் வந்தா என்னா பேசுறோம்னே தெரியாதுலா. கிண்டி விடுங்க. நான் ஓட விடுறேன்."

அவன் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. நாடா சுழல ஆரம்பித்தது.

குணவதி மைக்கை இழுத்துக்கொண்டாள்.

"சரிண்ணே. ஒண்ணு கேக்குறேன். ரோட்டுல நடந்தா ஒரு பிள்ளையாவது ஒங்களைப் பார்த்து நிக்குதா? தைப்பூசத்தன்னிக்குத் தண்ணீர்மலைக் கோயில்ல, வேஷத்தோட நின்ன அர்ஜுனனைச் சுத்தி அவ்வளவு கூட்டம். நீங்க பக்கத்துலதான் மோர் குடிச்சிக்கிட்டு நின்னீங்க. 'தள்ளுங்க தாத்தா'ன்னு ஒரு பொடியன் சொல்லல?"

தேநீர்க் குவளை பாதி வழியில் நின்றது.

"கடுமையாப் பேசாத, பிள்ளை."

"ஒங்க மூஞ்சிக்கு ரேடியோதான் சரின்னு கடவுளே முடிவு பண்ணிட்டாரு. இப்ப கொரலும் போச்சு. போன மாசம் நாலு எடத்துல இருமல். எல்லாத்தையும் ஒட்டுப் போட்டு மறைச்சது யாரு? நான்! இந்த ஃபேக்டரித் தமிழ்க்காரி!"

"குணவதி..."

"இன்னொருத்தி எழுதிக் குடுக்கிறதைக் கிளி மாதிரி சொல்லிட்டு, அதுக்கு ஒரு திமிரு வேற! ஒங்களை நம்பி எவன் அண்ணே இருக்கான்?"

நாகநாதன் எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்தது. முகம் கறுத்திருந்தது.

"போதும், காணும்! நாய்க்குக் கூட நன்றி இருக்கு. இந்த ஊருக்கு நன்றி இல்லை. நான் போறன்!"

அர்ஜுனன் பொத்தானைத் தட்டி நிறுத்தினான். பிறகு குணவதி நாடாவைப் பின்னோட்டி, நாய் பேச்சு வரை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் படத்தோடு சேர்த்தாள்.

திரையில் கல் பறந்தது. ஒளிமாறன் திரும்பினான். *இந்த ஊருக்கு நன்றி இல்லை. நான் போறன்.*

அவளுக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. எழுதிய வசனத்தைவிட நூறு மடங்கு மேல். மூன்று வருஷமாகச் செந்தமிழ் பேசியவன் முதல் முறையாக மனுஷன்போல் கோபப்படுகிறான்.

"'போறன்'னு விழுந்திருக்கேக்கா. யாழ்ப்பாணத் தமிழு."

"விழட்டும். அவன் வேற கிரகத்துக்காரன்தானே!"

அர்ஜுனன் விழுந்து விழுந்து சிரித்தான். டேப்பைப் பெட்டியில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டான். "நானே ஏர்போர்ட்ல குடுத்துட்டு வந்துர்றேன். நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா." படிகளில் தடதடவென்று இறங்கினான். கீழே மோட்டார் சைக்கிள் உறுமிக் கிளம்பி, கடைத்தெரு இரைச்சலில் கரைந்தது.

அப்போதுதான் தாழ் விலகியது. நாகநாதன் வெளியே வந்து நாடாப் பதிவுக் கருவியைப் பார்த்தார்; காலி இருக்கையைப் பார்த்தார்.

"ஏமாத்திப் பதிஞ்சிட்டீங்கள், என்ன?"

"ஆமாண்ணே. கேக்குறீங்களா? அருமையா வந்திருக்கு."

"டேப் போயிட்டுதோ?"

"போயாச்சு. இனி நீங்க தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது."

அவர் சுவரில் சாய்ந்தார். "விமானம் போகுமட்டும் இழுத்தடிப்பம் எண்டு பாத்தன். கெடுத்துப்போட்டாய். உன்ர ஒப்பந்தம் என்ன சொல்லுது? ஒளிமாறன் இருக்குமட்டும் நீதான் இயக்குநர். அவன் திரும்பி வருவன் எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா, உன்னை விட்டுட்டு ஹபீபால ஒரு அடி எடுத்து வைக்கேலாது. இப்ப அவன் போயிட்டான். ஒப்பந்தமும் போயிட்டுது."

"பொறாமை ஒங்களுக்கு. புதுத் தொடரும் எனக்குத்தான்னு அவரே சொல்லிட்டாரு."

"இண்டைக்குக் காலமை படியேறேக்க ஹபீப் பேசினதை என்ர காதாலயே கேட்டனான். வேற ஆளுக்குக் கையெழுத்தே ஆச்சு. உனக்காகத்தான் தடுத்தன் எண்டு நினைச்சுப் பூரிக்காத. உன்னில எனக்குத் துளி விருப்பமும் இல்லை. அந்த ஆள் வந்தா என்ர குரலுக்கு வேலை இல்லை. அவ்வளவுதான்."

"அப்ப வந்ததும் சொல்லித் தொலைக்கிறதுதானே!"

"எப்பிடிச் சொல்ல? காலமையிலயிருந்து உன்னைத் தனிய விட்டானோ?"

குணவதி அவர் எதிரே வந்து நின்றாள். "யாரு? யாருக்குக் குடுத்திருக்காரு?"

நாகநாதன் சாளரத்துக்கு வெளியே தெருவைக் காட்டினார்.

"டேப்பை இடுப்பில செருகிக்கொண்டு போறானே, அவனுக்கு."