கரைமீன் ஜவுபர்

அறக்குளா மீனின் தலையை ஸுல்பிகா ஒரே வெட்டில் எடுத்தாள். கத்தி பலகையில் இறங்கிய சத்தத்துக்கு வாடியின் ஓரத்தில் படுத்திருந்த பூனை துள்ளி எழும்பி ஓடியது. செவுளுக்குள் விரலைக் கொடுத்துக் குடலை உருவி வாளிக்குள் எறிந்துவிட்டு, உடம்பைக் குறுக்கே துண்டுபோடத் தொடங்கினாள். எதிரே, பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் கட்டிய கம்பியில் போன் நின்றது. அதன் முன்னால் அவளுடைய கணவன் ஜவுபர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு பாரை மீனைத் தூக்கிப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தான்.

"கண்ணப் பாருங்க! செவுளப் பாருங்க! இப்பதான் தோணி கரைக்கு வந்த. கண்டியால ஸகியா ராத்தா கேட்டிருக்காங்க. ராத்தா, இது ஒங்களுக்குத்தான். வெட்டி ஐஸ் போட்டு பின்னேர பஸ்ஸில ஏத்திருவம்."

சாய்ந்தமருதுக் கடற்கரையில் அவர்களுடைய மீன்வாடி என்பது நாலு கம்பும் தகரக் கூரையும் ஒரு சீமெந்துத் திட்டும்தான். ஒரு பழைய ஃபிரீசர் இருந்தது. முன்பு ஜவுபர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு நாவிதன்வெளிப் பக்கம் ஊர் ஊராகப் போய் விற்றான். பிறகு கொழும்புக் கம்பனி ஒன்று கரையில் கொள்வனவு நிலையம் கட்டி, தோணிக்காரர்களுக்கு எண்ணெயும் வலையும் முன்கூட்டியே கொடுத்து, வருகிற மீனையெல்லாம் மொத்தமாக அள்ளத் தொடங்கியது. சில்லறை யாவாரிகள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். ஜவுபர் மட்டும் 'கரைமீன் ஜவுபர்' என்று போனில் ஒரு பேஜ் திறந்து, மிஞ்சிய மூன்று தோணிகளின் மீனை லைவ் போட்டு விற்றான். நாலு வருசத்தில் முப்பத்தெட்டாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள். வீட்டுக் கூரையும், மகளின் காது ஒப்பரேசனும், இந்த ஃபிரீசரும் அந்தப் பேஜில் இருந்து வந்தவை.

அன்றைக்கு அதற்குப் பிறகு ஒன்றும் விலைபோகவில்லை. ஜவுபர் போனைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"இஞ்ச வாகா. இது என்ன சொல்றாங்க எண்டு பாரு."

ஸுல்பிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். 'கள்ளன்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'காசு வாங்கிட்டு ஒளிச்சிட்டு இப்ப என்ன நடிப்பு' என்று இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒரு படத்தைப் போட்டிருந்தார். அதே பெயர், அதே படம், அதே சாரம் கட்டிய ஜவுபர். ஆனால் அவர்களுடைய பேஜ் இல்லை. ஜவுபரின் பழைய லைவ் ஒன்றை எடுத்துச் சத்தத்தை அணைத்து, அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'அறக்குளா பாதி விலை, முன்பணம் அனுப்பினால் வீட்டுக்கே வரும்' என்று எழுதி விட்டிருந்தார்கள். பெயருக்குக் கீழே 'விளம்பரம்' என்று சின்னதாக இருந்தது. அதைப் பரப்புவதற்கு, பேஜ்களை நடத்தும் வெளிநாட்டுக் கம்பனி காசு வாங்கியிருந்தது.

அன்று பகல் முழுவதும் ஸுல்பிகா அதைப் பற்றி அந்தக் கம்பனிக்குப் போனிலேயே முறையிட்டாள். பத்து நிமிசத்தில் பதில் வந்தது. 'நீங்கள் குறிப்பிட்ட பக்கத்தைப் பரிசீலித்தோம். அது எங்கள் விதிகளை மீறவில்லை.' ஜவுபரின் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். அதே பதில். கூட்டாளிகள், சொந்தக்காரர் எல்லோரையும் முறையிடச் சொன்னாள். அதே பதில். ஜவுபர் யாரிடமோ கெஞ்சிக் கொழும்பில் விளம்பரம் எடுத்துக்கொடுக்கும் ஆட்களின் நம்பர் ஒன்றை வாங்கி அடித்தான். ஒரு பெண் மரியாதையாகக் கதைத்தாள்.

"மாசம் எவ்வளவுக்கு விளம்பரம் போடுவீங்க சேர்?"

"பெருநாளைக்கு மட்டும் ஒரு மூவாயிரத்துக்குப் போடுற."

"அப்படியெண்டா உங்கட எக்கவுண்டுக்கு ஆள் ஒதுக்க ஏலாது சேர். ஃபோர்மை நிரப்பி அனுப்புங்க."

ஃபோர்ம் ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு டீச்சரைக் கொண்டு நிரப்பினார்கள். பொலிஸில் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கொழும்புக்கு அனுப்புவோம் என்றார்கள்.

மறுநாள் ஜவுபர் கல்முனை பஸ் ஸ்டாண்டில் மீன் அடைத்த ரெஜிபோம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்து, "நீதானே மீன்காரன்?" என்று கேட்டான். ஓம் என்று சொல்லி முடிப்பதற்குள் முகத்தில் குத்தினான். பெட்டி ஒன்று விழுந்து உடைந்து, துண்டுமீன் ரோட்டில் சிதறியது. அந்த மீனை அவன் சப்பாத்துக்காலால் மிதித்து அரைத்துவிட்டுப் போனான். கண்டக்டர் தடுக்கவில்லை.

ஜவுபர் உதடு வீங்கி வாடிக்கு வந்தான். இரத்தத்தைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே போனின் முன்னால் போய் நின்றான்.

"நான் கள்ளன் இல்ல. அல்லாஹ் மேல சத்தியம். அது வேற ஆக்கள். ஆரும் காசு போட வேணாம்."

அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் ஏறின. 'நல்லா நடிக்கான்' என்று ஒருவர் எழுதினார். அன்றைக்கு இரண்டு ஓடர்தான் வந்தன.

"ரெண்டு நாளைக்கு லைவ் வேணாம் மச்சான்," என்றாள் ஸுல்பிகா.

"விட்டா நான்தான் செஞ்ச எண்டு ஆயிரும். மறுகா தோணிக்காரனும் மீன் தரமாட்டான்."

அவன் சொன்னது சரிதான். ஒரு தோணிக்காரர் ஏற்கெனவே கம்பனி நிலையத்துக்கு இறக்கத் தொடங்கியிருந்தார்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு வெள்ளை வேன் ஒன்று கடற்கரை வீதியில் வந்து நின்றது. லைவ் ஓடிக்கொண்டிருந்தது. வேனில் இருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த தாடி, எண்ணெய்க் கறை படிந்த சட்டை. கையில் மண்வெட்டிப் பிடி.

"ஆருடா ஜவுபர்?"

ஜவுபர் யாவாரத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். "நான்தான் காக்கா. வாங்க, கணவாயும் கிடக்கு," என்றான்.

பிடி அவன் தோளில் இறங்கியது. கையில் இருந்த மீன் பறந்து தகரத்தில் மோதி விழுந்தது.

"நாப்பது கிலோ தாறண்டு காசு வாங்கினவன் நீதானே! இந்த மூஞ்சிதானே! அறுவடைக்கு வந்த அத்தன பேரும் மீன் இல்லாத என்ட கடைச் சோத்துக் கோப்பய வீசிட்டுப் போயிட்டானுகள்! மூணு நாளா அடுப்பு அணைஞ்சு கிடக்கு!"

"அது கள்ளப் பேஜ் காக்கா! நான் இல்ல!"

"படம் இரிக்கி! வீடியோ இரிக்கி!"

இரண்டாமவன் ஃபிரீசரை மணலுக்கு இழுத்துக் கவிழ்த்து, மூடியைக் கல்லால் அடித்தான். ஐஸும் மீனும் சரிந்து மணலோடு கலந்தன. மூன்றாமவன் கம்புகளை உதைத்தான். தகரக் கூரை ஒரு பக்கம் இறங்கி, தொங்கிய தராசை இழுத்துக்கொண்டு விழுந்தது. ஜவுபர் எழும்பப் பார்த்துச் சீமெந்துத் திட்டில் வலக்கையை ஊன்றினான். நரைத்த தாடிக் கிழவர் பிடியை இரண்டு கையாலும் ஓங்கி அந்த மணிக்கட்டில் அடித்தார். காய்ந்த தென்னம்மட்டை முறிகிற சத்தம் கேட்டது. ஜவுபர் வாயைத் திறந்தபடி கையைப் பார்த்தான். கிழவர் மறுபடியும் ஓங்கினார். இந்த முறை தலைக்கு.

ஸுல்பிகா கத்தியை எடுக்கவில்லை. அது ஏற்கெனவே அவள் கையில்தான் இருந்தது. ஓங்கிய கைக்குக் குறுக்கே பாய்ந்து வீசினாள். முழங்கைக்குக் கீழே பிடித்து மணிக்கட்டுவரை கிழித்துக்கொண்டு கத்தி எலும்பில் உரசி நின்றது. ஒரு நாளைக்கு நாற்பது மீன் வெட்டுகிறவள். இது மீன்முள் இல்லை என்று அவளுடைய கைக்குத் தெரிந்தது.

மண்வெட்டிப் பிடி விழுந்தது. கிழவர் மணலில் குந்தி, தன் கையைத் தானே பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டார். கூட வந்தவர்களில் ஒருவன் வேனுக்கு ஓடினான். மற்றவன் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான்.

"துணி தாடா! இரத்தம் போகுதுடா!" ஸுல்பிகா அவனைப் பார்த்துக் கத்தினாள். அவன் அசையவில்லை. கத்தியை எறிந்துவிட்டு, ஜவுபரின் தோளில் கிடந்த துவாயை உருவிக் கிழவரின் கையை இறுக்கிக் கட்டினாள். அவர் அவளைத் தள்ளவில்லை. துவாய் கட்டக் கட்டச் சிவந்தது.

கதிரையில் கட்டிய போன் மட்டும் விழாமல் நின்றது. நாலாயிரத்து முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அடி, அடி' என்று எழுதினார்கள். 'சத்தம் கேக்குதில்ல, கிட்டக் கொண்டு வாங்க' என்று எழுதினார்கள். பிறகு திரை கறுத்தது. வன்முறைக் காட்சிகளை ஒளிபரப்பியதால் 'கரைமீன் ஜவுபர்' பக்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று அறிவித்தல் வந்தது. வேன் வந்து நின்றதில் இருந்து பதினொரு நிமிசம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். ஸுல்பிகாவைக் கொண்டுபோக வந்த பொலிஸ்காரி, புருசனை ஒருமுறை பார்த்துவிட்டு வா என்று வாசலில் நின்றாள். ஜவுபர் ஊசியின் மயக்கத்தில் கிடந்தான். அடுத்த கட்டிலில் கிழவர் முழித்திருந்தார். கச்சிமுகம்மது என்று தலைமாட்டில் எழுதியிருந்தது. இறக்காமத்தில் வயல் ரோட்டோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் என்று தாதி மிஸ்ஸிமார் கதைத்துக்கொண்டார்கள்.

அவருடைய போன் கட்டிலில் சத்தம் போட்டது. தையல் போட்ட கையை அசைக்க முடியாமல் மற்றக் கையால் தடவினார். பிறகு ஸுல்பிகாவைப் பார்த்தார்.

"புள்ள, இத ஒருக்காத் தட்டிப் பாரு. வீட்டில இருந்து வந்திச்சோ தெரியா."

அவள் திறந்தாள். 'கரைமீன் ஜவுபர்' அனுப்பியிருந்தது. அன்பான வாடிக்கையாளரே, இன்றைக்கு மட்டும் கணவாயும் பாதி விலை. அவள் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். கச்சிமுகம்மது வாசித்தார். பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடக்கும் ஜவுபரைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"அப்ப இத ஆரு அனுப்புற?"

"அதத்தான் காக்கா மூணு நாளா நாங்களும் கேக்கிறம்."

அவர் போனை வாங்கிக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். பொலிஸ்காரி உள்ளே வந்து ஸுல்பிகாவின் தோளைத் தொட்டாள்.

ஸுல்பிகா பதினாலு நாள் விளக்கமறியல் சிறையில் இருந்தாள். கச்சிமுகம்மது நீதவான் கோட்டில் நின்று, முதலில் அடித்தது தான்தான் என்று சொன்னதால் பிணை கிடைத்தது. அவருக்கும் வழக்கு இருந்தது. கடையைப் பூட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். ஜவுபரின் விரல்கள் மடங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் பிடித்தான். புதுசாக ஒரு பேஜ் திறந்தான். அதே முகம், அதே பெயர் என்பதால், போலிப் பக்கம் என்று அது ஒரு மணித்தியாலத்தில் மூடப்பட்டது. கடைசித் தோணியும் கொழும்புக் கம்பனிக்குப் போனது.

இரண்டாம் மாதம் ஸுல்பிகாவும் போனாள். கொள்வனவு நிலையத்தில் மீன் வெட்டப் பெண்கள் எடுத்தார்கள். கிலோக் கணக்கில் கூலி. வெள்ளை ஓடு பதித்த அறை, ரப்பர் சப்பாத்து, தலைக்கு வலைத் தொப்பி. மேற்பார்வையாளன் றிபாத் கல்முனைப் பொடியன், முப்பது வயது இருக்காது. பெயர் பதியும்போது அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஒங்கட வீடியோ பாத்த ராத்தா. வெட்டு நல்ல வெட்டு." அவள் முகத்தைக் கண்டதும் அவசரமாக, "மீன் வெட்டுறதச் சொல்றன்," என்றான்.

ஒரு புதன்கிழமை கொழும்பில் இருந்து கமராவோடு மூன்று பேர் வந்தார்கள். கம்பனியின் பேஜில் போடுவதற்கு வீடியோ வேண்டுமாம். வேகமாக வெட்டுகிற ஆள் யார் என்று கேட்டார்கள். எல்லோரும் ஸுல்பிகாவைக் காட்டினார்கள். ஒரு பொடியன் வெளிச்சத்தை அவள் முகத்துக்குத் திருப்பினான். றிபாத் ஓடிவந்து அவன் காதில் எதையோ சொன்னான். வெளிச்சம் கீழே இறங்கியது.

"முகம் வேணாம். கை மட்டும் இருந்தாக் காணும்," என்றான் அந்தப் பொடியன்.

புத்தம் புது அறக்குளா ஒன்றை மேசையில் வைத்தார்கள். அவள் தலையை ஒரே வெட்டில் எடுத்தாள். இரத்தம் வெள்ளை மேசையில் பரந்து கமராவின் கால்வரை ஓடியது.

"கட்! இது வேணாம்," என்றான் கமராக்காரன். "சனம் பயந்திரும். இரத்தம் தெரியக்கூடாது."

றிபாத் குழாயைத் திறந்து மேசையைக் கழுவினான். பிறகு அவளுடைய கைகளை நீட்டச் சொல்லி, விரல் விரலாகத் தண்ணீர் அடித்து, ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டான். அடுத்த மீன் வந்தது. அதன் இரத்தத்தை முன்கூட்டியே வடித்திருந்தார்கள்.