பியோ முறைக்கு ஒரு திருத்தம்

கொரியச் சாவுகளில் தலைமைத் துக்கக்காரர் அணியும் இரண்டு கோடு போட்ட சணல் பட்டையைத் தோ கி-பெக் தன் கையில் மாட்டப் போனபோது, சேரின் அதை வாங்கித் தன் கறுப்பு உடையின் கைமேல் வைத்து ஊசி குத்திக்கொண்டாள். மகன் இல்லை, மருமகனும் இல்லை, ஆகவே மூத்த சீடன் நிற்கட்டுமே என்றார் மண்டப ஊழியர். பெற்ற மகள் குத்துக்கல்லாட்டம் நிற்கிறாளே, அது அவர் கண்ணில் படவில்லை.

முதுகுத்தண்டு அறுவை நிபுணர் பியோ கியு-ஹ்வான் அன்று விடிந்ததும் இறந்திருந்தார். வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த மருத்துவமனையின் மேல்மாடியில் இறந்து, அதன் அடித்தளத்து இறுதிச்சடங்கு மண்டபத்துக்கே வந்து சேர்ந்திருந்தார். வாசலிலிருந்து மலர்வளையங்கள் வரிசை கட்டி நின்றன. வந்தவர்களிடமெல்லாம் தோ ஒரே விஷயத்தைச் சொன்னார். ஆசானின் அந்த ஒரு கட்டுரையை உலகம் நாலாயிரம் தடவை மேற்கோள் காட்டியிருக்கிறதாம்.

கூன் விழுந்த முதியவர்களின் முதுகைக் கம்பியும் திருகும் வைத்து நிமிர்த்தும் பியோ முறை பற்றிய கட்டுரை அது. அவரிடம் படித்தவர்கள் எதை எழுதினாலும் அதைத்தான் முதல் மேற்கோளாகப் போடுவார்கள். வீட்டுக்குள் வந்ததும் பெரியவருக்குக் குனிகிற மாதிரி ஒரு பழக்கம். "படிச்சவன் கொஞ்சம், கும்பிடு போட்டவன்தான் ஜாஸ்தி" என்று அப்பாவே சிரிப்பார்.

கடைசி வருஷங்களில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பழைய நோயாளிகளைத் தேடித் தேடிப் பார்த்தார். பாதிப் பேருக்குக் கம்பி முறிந்திருந்தது, அல்லது அதற்கு மேலே முதுகு மறுபடி வளைந்திருந்தது. புள்ளியியல் படித்த சேரின்தான் கணக்குப் போட்டாள். வயதானவர்களுக்கு இந்த முறை வேண்டாம் என்று அப்பா தன் பெயரிலேயே எழுதினார். நோயாளிகளில் பலர் தோவின் மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் என்பதால் கட்டுரையாசிரியர்களில் அவரும் ஒருவர். அச்சுக்குப் போக அவர் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. இன்று மாலைக்குள் அது வராவிட்டால் கட்டுரையைக் கைவிடுவதாக ஆய்விதழ் சொல்லிவிட்டது.

சேரின் அவரைக் குடும்பத்தார் அறைக்குள் கூப்பிட்டு, சம்மதப் பக்கத்தைத் திறந்து கைபேசியை நீட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தாள்.

"இன்னைக்கேவா சேரின்? மனுஷன் உடம்பு இன்னும் ஆறலை."

"சாயங்காலத்தோட கட்டுரையைக் கைவிட்டுடுவாங்கண்ணே."

"அந்த நாலாயிரம்தான் அவர் பேரு. அதைப் பெத்த பொண்ணே அழிக்கிறதா?"

"அழிக்கச் சொன்னது அவர்தான்."

படிக்கிற காலத்தில் அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவர் தோ. இன்று அவர் மருத்துவமனையே பியோ முறையில்தான் ஓடுகிறது. அடுத்த வாரம் படுக்கப்போகிற கிழவிகளிடம் என்ன சொல்வது என்று கேட்டார். கேட்டது பணத்துக்காக மட்டுமல்ல, பயந்துதான் போயிருந்தார். சேரினுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

அதற்குள் துக்கம் கேட்க அடுத்தவர் வந்துவிட்டதாக ஊழியர் கூப்பிட்டார். சந்தையில் துணி வெட்டி விற்கும் ஓக்-பூன் அம்மாள். அப்பா அறுவை செய்தவர்களில் ஒருத்தி. படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, நட்ட கழி மாதிரி நின்றாள். மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொட, இரண்டு முறை வணங்க வேண்டும். அவளுக்கு இடுப்பு மடங்கவில்லை. பக்கத்துச் சுவரைப் பிடித்து முயன்றாள், முகம் வேர்த்தது, முடியவில்லை.

"விடுங்கம்மா, மனசால வணங்கினா போதும்" என்று தோ ஓடிப்போய்த் தாங்கினார்.

"எப்படி விடறது? நிமிர்ந்து நடக்க வெச்ச மகராசன். கம்பி முறிஞ்சப்போ நீதான் பெரிசா மாத்திப் போட்டே. அன்னையிலேர்ந்து குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலை. போன வருஷம் கடைக்கே வந்து, ஜனங்க பார்க்கப் பார்க்க என் முன்னாடி மன்னிப்புக் கேட்டு மண்டி போட்டாரு. திருப்பி ஒரு கும்பிடு போட எனக்கு வக்கில்லை பாரு." அவள் தோவின் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். "எனக்காக நீ போடு."

தோ படத்தைப் பார்த்தார். காலையிலேயே தன் பங்குக்கு வணங்கிவிட்டவர்தான். மறுபடி மண்டியிட்டார். ஒரு முறை எழுந்தார். இரண்டாம் முறை தரையில் வைத்த நெற்றியை எடுக்கவில்லை. முதுகு குலுங்கியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எழுந்ததும் சேரினிடம் வந்து கை நீட்டினார். கைபேசியைக் கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டார். காட்டினாள். அழுத்தினார்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாம் தரையில் உட்காரும் மேசைகள். ஓக்-பூன் அம்மாள் வாசலிலேயே நின்றாள். தோ ஊழியர்களின் அறைக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.