வழங்கப்பட்டதாகப் பதிவு உள்ளது

கொரட்டூரில் ரயில் இறங்கி, ஏரிக்கரைப் பக்கம் இரண்டு தெரு நடந்து, கஜபதி வீட்டு கேட்டின் முன் கஸ்தூரி நின்றபோது அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய ஆள். முதுகு வளையவில்லை, மூச்சும் வாங்கவில்லை.

"யாரும்மா?"

"கலியமூர்த்தி சம்சாரம், அண்ணே. வடக்க பட்டறையில உங்க செக்‌ஷன்ல இருந்தாரே."

துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. அவர் கேட்டைத் திறந்தார்.

ராணுவ லாரிகளுக்கு பிரேக் லைனர் மாற்றுகிற பட்டறை அது. பழைய லைனரைக் கழற்றி, டிரம்முக்குள் ஏர் அடித்துத் தூசியைப் பறக்கவிட்டு, புதியதை அளவுக்குத் தேய்த்துப் பொருத்த வேண்டும். எல்லாம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கலியமூர்த்தியும் சின்னப்பையன் என்ற இன்னொரு சிப்பாயும் அந்தப் புகைமூட்டத்துக்குள் எட்டு வருஷம் நின்றார்கள். ஒன்பதாம் வருஷம் இரண்டு பேருக்கும் இருமல் விடவில்லை. ராணுவப் பணியால் வந்த நோய் இல்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பென்ஷன் கிடையாது, ஆஸ்பத்திரி அட்டையும் கிடையாது. சின்னப்பையன் செத்துப்போய் நாலு வருஷமாகிறது. கலியமூர்த்தி அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றான். பிறகு நிற்க முடியாமல் உட்கார்ந்தான். இப்போது அயனம்பாக்கத்து வாடகை வீட்டில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, படுக்கவும் முடியாமல் கிடக்கிறான்.

இந்த வருஷம்தான் புது ஆர்டர் வந்தது. நச்சுத் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கு ஊனப் பென்ஷன், முழு வைத்தியம், இறந்துபோனவர்களின் மனைவிக்கும் உண்டு என்றார்கள். கஸ்தூரி மனு போட்டாள். ஒரே வரியில் பதில் வந்தது. பட்டறைப் பதிவேட்டின்படி அனைவருக்கும் முகக்கவசம் வழங்கப்பட்டதாகப் பதிவு உள்ளது. அப்போது பொறுப்பில் இருந்தவர் மறுத்து எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்க்கலாம் என்று கவுன்ட்டரில் இருந்தவர் வாய்வார்த்தையாகச் சொன்னார். பதிவேட்டில் மாதாமாதம் கையெழுத்துப் போட்ட ஹவில்தார் கஜபதி.

அவர் அவளுக்கு நாற்காலி போட்டு, அவள் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார்.

"மாஸ்க் வரவே இல்ல. வந்துச்சுன்னு எழுதுன்னாங்க, எழுதினேன். இப்ப இல்லைன்னு எழுதினா என் பென்ஷன் மேல கை வைப்பாங்க. தெரியுமா?"

"தெரியும் அண்ணே."

அவர் போய் கேட்டைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எழுதித் தரேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் என்னை மன்னிச்சுட்டானா?"

கஜபதியின் பெயரைச் சொன்னாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறவன் கலியமூர்த்தி. அவள் இங்கே வந்திருப்பதே அவனுக்குத் தெரியாது.

"எப்பவோ மன்னிச்சுட்டாரு, அண்ணே," என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டரியிடம் போய் முத்திரை வாங்கி, நாளைக் காலையில் தானே கொண்டுவந்து தருவதாகவும், அவனைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டுவதற்கும் காற்று வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் கஜபதி சாத்துக்குடிப் பையோடு வந்தார். வாசற்படியிலேயே கலியமூர்த்தியின் மூச்சுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றியவர் உடனே உள்ளே வரவில்லை. கஸ்தூரி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கட்டிலில் இருந்தவனின் தோளெலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரை ஏறி இறங்கியது.

"கலியா," என்றார் கஜபதி.

"இவ... பொய் சொல்லிகினு... வந்துட்டா, சாப்." இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தினான். "நான்... மன்னிக்கல. பேப்பர... இன்னா பண்ணணுமோ... பண்ணிக்கோங்க."

கிழிக்கப் போகிறார் என்றே கஸ்தூரி நினைத்தாள். ஓடிப்போய்க் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. கஜபதி சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பிரித்தார், ஏதோ எழுத்துப் பிழை தேடுகிறவர்போல முழுக்கப் படித்தார், மறுபடி மடித்தார். கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு மெதுவாக எழுந்தார்.

"ஒரு பேப்பர்தான்... கொண்டாந்தீங்களா?" என்றான் கலியமூர்த்தி.

"இன்னாடா?"

"சின்னப்பையனுக்கு?"

"அவன்தான் போயிட்டானே."

"பொண்டாட்டி கீறா... இல்ல?"

அவ்வளவுதான் பேசினான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சின்னப்பையன் வீட்டுக்குக் கஸ்தூரிதான் வழிகாட்டிக்கொண்டு போனாள். பூந்தமல்லியில் பஸ் மாறி, திருமழிசையில் இறங்கி, தொழிற்பேட்டை மதிலை ஒட்டிய சந்துக்குள் நடந்தார்கள். சின்னப்பையன் மனைவி கெங்கம்மாளின் கதவு திறந்தே இருந்தது. குரல் கொடுத்ததும் உள்ளேயிருந்து இருமல் வந்தது. பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்தபடி அவள் வந்தாள். புருஷன் சாவுக்குப் பிறகு கஸ்தூரி அவளை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். பாதி உடம்பு காணாமல் போயிருந்தது.

கஜபதி தான் யார் என்று சொன்னார். வந்த காரியத்தைச் சொன்னார். முகக்கவசம் கொடுக்கவில்லை என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கெங்கம்மாள் கோபப்படவில்லை. கஸ்தூரி கொண்டுபோயிருந்த மனு பாரத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி, விரலை வரிவரியாக நகர்த்தினாள். நடுவில் இருமல் வந்து பிடித்துக்கொண்டது. ஈரமில்லாத, அடியிலிருந்து சுரண்டுகிற இருமல். தன் வீட்டில் பகலும் ராத்திரியும் கேட்கிற அதே சத்தம் என்று கஸ்தூரிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

"ஊட்டுக்காரருக்கு எழுதறீங்க, சரி," என்றாள் கெங்கம்மாள், மூச்சு திரும்பியதும். "எனக்கு எந்தக் கட்டம், அண்ணாத்தே? அவுரு துணிய நான்தானே தொவச்சேன்?"

கஜபதி பாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அப்போது குவார்ட்டர்ஸ் குழாயடியில் கஸ்தூரியும் கெங்கம்மாளும் அடுத்தடுத்த கல்லில் துவைப்பார்கள். நனைக்கும் முன் சட்டையை உதறினால் சாம்பல் நிறத்தில் தூசி எழும். தலையெல்லாம் படிந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்து, கிழவி ஆயிட்டே போ என்று சிரிப்பார்கள். எட்டு வருஷம், தினமும் ஒரு ஜோடி காக்கி.

கெங்கம்மாள் மறுபடி இருமத் தொடங்கினாள். கஜபதி தண்ணீர் தேடி உள்ளே போனார். கஸ்தூரி வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், மெல்ல ஒரு மூச்சை இழுத்தாள். அது எதுவரை போகிறது என்று பார்த்தாள்.