நாற்றம் குடிபோன வீடு

குடிகாட்டின் நாற்றம் முழுவதும் ராஜாமணியின் வீட்டுக்குக் குடிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. அன்று தக்காளி கிலோ முப்பது ரூபாய். காற்று கிழக்கிலிருந்து.

அதுவரை நாற்றம் ஊருக்கே பொது. பக்கத்து கெமிக்கல் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தது. மகள் சிந்துஜாவுக்கு வீசிங் வந்த வருஷம் ராஜாமணி ஒரு நோட்டு வாங்கி, என்ன நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று எழுத ஆரம்பித்தாள். அதைப் பார்த்து எதிர்வீட்டு புஷ்பவள்ளியும் ஒன்று வாங்கினாள். ஆறே மாதத்தில் முப்பத்திரண்டு வீட்டில் நோட்டு. அழுகின முட்டையா, நகப்பூச்சா என்று குழாயடியில் சண்டையே நடந்தது. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் எழுதிவிட்டு வந்தவர்கள் உண்டு. நோட்டுகளின் நகல் மனுவோடு மேலே போனது. சோதனைக்கு அதிகாரிகள் வருவதாகத் தேதி வந்தது. பத்து வீடாவது நாறுகிறது என்று நேரில் சொன்னால்தான் கம்பெனிமேல் நடவடிக்கை.

அந்த நேரம் பார்த்து பிளம்பர் சார்லஸ் சிதம்பரம் போனார். கல்யாண மண்டபத்தில் கம்பெனி செலவில், மனப்பான்மையை மாற்றுவது எப்படி என்று ஒருநாள் பயிற்சி. மதியம் பிரியாணி. சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியவருக்கு ஊரே மரிக்கொழுந்தாக மணந்தது. அவர் கைகுலுக்கிய ஆண்களுக்கும் மணந்தது, அவர் மனைவி கைகொடுத்த பெண்களுக்கும் மணந்தது. பதினேழு நாளில் நோட்டெல்லாம் கிழிந்து பிள்ளைகளுக்கு ராக்கெட் ஆயிற்று. முட்டையா நகப்பூச்சா என்று அடித்துக்கொண்ட அதே ஜனங்கள் அதே வேகத்தில் மரிக்கொழுந்தா மல்லிகையா என்று அடித்துக்கொண்டார்கள். ராஜாமணிக்குக் குமட்டியது. கம்பெனி நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தலாம், இந்த வெட்கங்கெட்ட சந்தோஷத்துக்கு எதைப் பொத்துவது என்று தெருவில் நின்று கேட்டாள்.

கடைசியாக அந்தப் பக்கம் போனவள் புஷ்பவள்ளி.

"எத்தினி நாளைக்கிக்கா இதயே மோந்துகினு கெடக்கறது? எனக்கும் நல்ல வாசன வேணும்" என்றாள்.

அதிகாரிகள் வந்தார்கள். முப்பத்தோரு வீடும் மணக்கிறது என்றது. புஷ்பவள்ளி சொல்லி வாய் மூடியதும், தெருவில் கிடந்த நாற்றம் மொத்தமும் எழுந்து, தன்னை நாற்றம் என்று இன்னும் ஒப்புக்கொண்ட ஒரே வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. வாசற்படிக்கு வெளியே ஒன்றுமில்லை. அதிகாரிகள் கைக்குட்டையால் முகத்தை மூடி, சுகாதாரக் குறைவான வீடு ஒன்று என்று எழுதிக்கொண்டு ஜீப் ஏறினார்கள்.

அப்புறம் ராஜாமணியைக் கண்டாலே ஊர் மூக்கைப் பிடித்தது. குளிக்கிறதுண்டா என்று சார்லஸ் மனைவி விசாரித்தாள். ராஜாமணி காறித் துப்பினாள். சிந்துஜா படிக்கவும் தூங்கவும் எதிர்வீட்டுக்குப் போனாள். மூன்றாம் வாரத்திலிருந்து அவள் இன்ஹேலரைத் தொடவில்லை. தெருவில் பட்டுப்போயிருந்த முருங்கை பூத்தது. இரண்டையும் ராஜாமணி தேதி போட்டு நோட்டில் எழுதினாள்.

தை பிறந்ததும் புஷ்பவள்ளி வாசலுக்கு வந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மறுகையை நீட்டினாள்.

"ஒருவாட்டி புடிச்சிடுக்கா. உனக்கும் மணந்துடும்."

ராஜாமணி அந்தக் கையையே பார்த்தாள். எதிர்வீட்டில் சிந்துஜா சத்தம்போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு இருமல் இல்லை.

"நான் புடிச்சிட்டா இது எங்க போவும்?"

ராஜாமணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இவர்களை நினைத்தால் இன்னமும் குமட்டத்தான் செய்தது.

இப்போது கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் குடிகாடு வந்ததும் கண்டக்டர், "நாத்த வீடு எறங்கு" என்று குரல் கொடுக்கிறார். ஊர்க்காரர்கள் சிரித்த முகமாக இறங்கி, ஆழமாக மூச்சிழுத்துவிட்டு நடக்கிறார்கள். பின்சீட்டிலிருந்து கடைசியாக ராஜாமணி இறங்குகிறாள். டிக்கெட் எல்லோருக்கும் ஒரே விலைதான்.