தலை பெரியவளுக்கு, வயிறு சின்னவளுக்கு

அப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டது இன்று நேற்றல்ல. பெண்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அந்தப் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. இருவருக்கும் ஒரே அறை; எலியும் பூனையுமாக இருந்தார்கள். ஒருநாள் பெரியவள் சாக்குக்கட்டியை எடுத்து அறையின் நடுவே ஒரு கோடு கிழித்தாள். தாண்டினால் கிள்ளு விழும். ஜன்னல் பெரியவள் பக்கம், மின்விசிறியின் சுவிட்சு சின்னவள் பக்கம். அதனால் வெயில் காலத்தில் மட்டும் சமாதானப் பேச்சு நடக்கும்.

அப்பா பஸ் கண்டக்டர். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே நீட்டிப் படுத்துவிடுவார். தலை பெரியவள் பக்கம், வயிறும் காலும் சின்னவள் பக்கம். பெரியவள் நரைமுடி தேடிப் பிடுங்குவாள். சின்னவள் தொந்தியில் தலை வைத்து, உள்ளே கடமுடவென்று ஏதோ உருளுவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பாள். அவர் சிரித்தால் தொந்தி குலுங்கும். கூடவே இவள் தலையும் குலுங்கும். அதைவிட நல்ல தலையணை அவளுக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

சண்டை முற்றினால் அப்பா பையிலிருந்து விசிலை எடுத்து ஒரு தடவை ஊதுவார். வண்டி நின்றாக வேண்டும். பிறகு யாராவது ஒருத்தி கோட்டைத் தாண்டி மற்றவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் இரட்டை விசில். இரட்டை விசில் கேட்காமல் அந்த வீட்டில் சாப்பாடு கிடையாது. அம்மா தட்டுகளோடு வாசலில் நின்று, "யாராவது ஒருத்தி சீக்கிரம் ஏறுங்கடி, வண்டி கிளம்பணும்" என்று கத்துவாள்.

வளர்ந்தும் பங்கு மாறவில்லை. பெரியவள் மனநல டாக்டர் ஆனாள், சின்னவள் சர்க்கரை நோய் டாக்டர். ஒரே மருத்துவமனை, அக்கா இரண்டாவது மாடி, தங்கை முதல் மாடி. வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் போனில் கூப்பிட்டு, "உங்க பேஷன்ட் ஒருத்தரைப் பத்திக் கேக்கணும்" என்று மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். சொந்த அப்பா என்றதும் இருவருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதோடு அப்பாவின் சிரிப்பும் போனது. விசிலை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, கட்டிலே கதி என்று கிடந்தார். பசி இருக்கிறதோ இல்லையோ, கையில் கிடைத்ததைத் தின்றார். எடை ஏறியது, சர்க்கரையும் ஏறியது. விசிலைச் சின்னவள் எடுத்துத் தன் கார் சாவியில் கோத்துக்கொண்டாள்.

"முதல்ல அவர் வாயைக் கட்டணும்" என்றாள் சின்னவள்.

"மனசு சரியானா வாய் தானா அடங்கும். நீ உன் மாடியை மட்டும் பாரு" என்றாள் பெரியவள்.

அன்றோடு பேச்சு நின்றது. அக்கா ஒருநாள் வந்து மனசுக்கு மாத்திரை கொடுப்பாள். தங்கை இன்னொரு நாள் வந்து சர்க்கரைக்குக் கொடுப்பாள். இருவருமே கண்கொத்திப் பாம்பாக அப்பாவைப் பார்த்தார்கள். ஆனால் பாதி பாதியாகத்தான் பார்த்தார்கள்.

ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். குளியலறை வாசலில் அப்பா விழுந்து கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை, கூப்பிட்டதற்குப் பதிலில்லை. சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறி அவர் கண் திறந்தபோதுதான் சின்னவளுக்கு மூச்சே வந்தது.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"ஏம்ப்பா சாப்பிடாம மாத்திரை போட்ட?" என்றாள் சின்னவள்.

"பத்து நாளா பசியே இல்லம்மா. அதுக்காக நீ குடுத்த மாத்திரையைப் போடாம இருக்க முடியுமா? அவ குடுத்ததையும் போட்டேன். யார் மனசும் கஷ்டப்படக் கூடாது பாரு."

பெரியவளின் முகம் வெளுத்தது. "நான் மருந்து மாத்தினேன். மனச்சோர்வுக்கான செரட்டோனின் மருந்து. ஆரம்பத்துல சிலருக்குப் பசி குறையும்."

"எங்கிட்ட சொன்னியா? அதே வாரம் நான் சர்க்கரை மாத்திரையைக் கூட்டியிருக்கேன்!"

"நீ கூட்டினதை எங்கிட்ட சொன்னியா?"

"நீதான உன் மாடியை மட்டும் பாருன்ன!"

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான் காரணம்!"

குரல் ஏறிக்கொண்டே போனது. அப்பா தலைமாட்டு ஸ்டூலில் கிடந்த சின்னவளின் கார் சாவியை மெல்ல எடுத்தார். ஒரு விசில்.

வண்டி நின்றது. சின்னவளுக்கு ஒரு நொடி காலடியில் சாக்குக்கட்டிக் கோடு தெரிவது போலிருந்தது. அவளுக்கு வீம்பு அதிகம், சின்ன வயதிலும் முதலில் கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் அக்காதான். ஆனால் இன்று அப்பாவைக் கொன்றிருப்போமே என்ற பயம் வீம்பைவிடப் பெரிதாக இருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றிப் போய் அக்கா பக்கத்தில் போட்டாள்.

"என்ன மருந்துக்கா? எவ்வளவு குடுக்கிற?"

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் மெதுவாகத் தொடர்ந்தாள்: "காலேஜ்ல படிச்சோமே, ஞாபகம் இருக்கா? மூளைத்தண்டுல நடுக்கோட்டை ஒட்டி நரம்பு செல்களோட ஒரு சின்னக் கும்பல். மூளைக்கு வேண்டிய செரட்டோனின் பெரும்பாலும் அங்கேருந்துதான் கிளம்புது. டெப்போ ஒண்ணுதான்டி. ஒரு வண்டி மனசுப் பக்கம் போகுது, இன்னொண்ணு பசி, சர்க்கரைப் பக்கம் போகுது. எல்லாத்துக்கும் அது மட்டுமே காரணம்னு சொல்லல. ஆனா நாம அப்பாவை ரெண்டாப் பிரிச்சது தப்பு."

சின்னவளும் அதைப் படித்தவள்தான். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவள்தான். இனி அப்பாவுக்கு எந்த மாத்திரையானாலும் இருவரும் உட்கார்ந்து பேசித்தான் என்று அங்கேயே முடிவானது. சர்க்கரை மாத்திரையை அப்போதே நிறுத்தினார்கள். மனசு தேற மாதக்கணக்கில் ஆகும் என்றாள் பெரியவள்.

"ரெண்டு பேரும் ஏறியாச்சா?" என்றார் அப்பா.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். விசில் இன்னும் அவர் வாயருகில்தான் இருந்தது. ஊதினார். முதலாவது ஓரளவு கேட்டது. இரண்டாவதில் பாதி வெறும் காற்று.

நர்ஸ் ஓடிவந்தார். "யாருங்க அது ஆஸ்பத்திரியில விசில் ஊதுறது?"

இரண்டு டாக்டர்களும் திருதிருவென்று விழித்தார்கள். சின்னவள் சட்டென்று குனிந்து, பழைய இடத்திலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். தொந்தி முன்போல் மெத்தென்று இல்லை. உள்ளே ஏதோ கடமுடவென்று உருண்டது. பிறகு, லேசாக, அவள் தலை குலுங்கியது.