மந்திரித்த கற்கள்

அருள்ராணி வீடு கட்டியதே வாசலிலிருந்து கேட் வரைக்குமான அந்த முப்பதடிக்காகத்தான் என்று சொன்னால் பொய்யில்லை. சர்க்கரை நோயில் அப்பா ஸ்தனிஸ்லாசின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்ட பிறகு, வாடகை வீட்டின் நாலு படிகள் அவரை இரண்டு வருஷம் உள்ளேயே அடைத்துவைத்திருந்தன. புது வீட்டில் படியே கிடையாது. சரிவான வாசல், சமமான பேவர் பிளாக் பாதை, கேட், தெரு, தெருக்கோடியில் மாதா கோயில். யார் கையையும் எதிர்பார்க்காமல் அவரே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாதை வேலையை அமல்தாசிடம் கொடுத்தது அப்பா. பொம்மிடியைச் சுற்றி அவன் கல் பதிக்காத கல்யாண மண்டபம் இல்லை என்பது ஒரு காரணம். அவனுடைய ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் ஸ்தனிஸ்லாஸ் என்பது அதைவிடப் பெரிய காரணம். கைக்குழந்தையாய்த் தான் ஏந்தி நின்ற பிள்ளையிடம் எழுதி வாங்கிக்கொண்டா பணம் கொடுக்க முடியும்?

புது வீடு மந்திரிப்புக்குப் பிப்ரவரியில் வரும் லூர்து மாதா திருநாளை அப்பா குறித்துவிட்டார். பாதையை மேடாக்கக் கொட்டிய ஏரி மண் அப்போதும் காலை வைத்தால் புதைந்தது. ஒரு மழை பார்த்துவிட்டுக் கல் போடலாமே என்றாள் அருள்ராணி.

"சாமியாரு வர்றாரு, பங்கு சனமே தெரண்டு வருது. மண்ணுலயா நடக்க வெப்ப?" என்றார் அப்பா.

அமல்தாஸ் இரண்டே நாளில் கல்லைப் பரப்பிவிட்டான். பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அதன்மேல் நடந்து வந்தார். வந்தவர்கள் எல்லாம் கல்லின் நிறத்தைப் புகழ்ந்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

ஜூனில் இரண்டு மழைதான் பெய்தது. பாதை நடுவில் குழிந்து, ஓரக் கற்கள் பல் மாதிரி எம்பிக்கொண்டன. நாற்காலியின் முன்சக்கரம் அதில் ஒரு கல்லில் மாட்டி, அப்பா குப்புற விழுந்தார். அருள்ராணி அப்போது தர்மபுரியில், ஆஸ்பத்திரி லேபில் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு முனியம்மாள்தான் ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தது. அன்றிலிருந்து அப்பா வாசலைத் தாண்டவில்லை.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் அமல்தாசைப் பிடிப்பது அவளுக்குத் தவறாமல் போயே ஆகவேண்டிய இன்னொரு கடன் திருநாள் ஆகிப்போனது.

"ஆளே இல்ல பாப்பா. எல்லாம் ஓசூரு போயிட்டானுங்க."

"மழ நிக்கட்டும் பாப்பா. ஈரத்துல கை வெச்சா மறுபடியும் எறங்கும்."

மழை நின்றது. அடுத்த ஞாயிறு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "தீர்த்தம் பட்ட கல்லு. மந்திரிச்சதப் பேக்கறதுன்னா யோசிக்கணுமில்ல?"

மற்றச் சாக்குகளை நம்பாத அப்பா இதை நம்பினார். வேறு ஆளை வைத்துச் சரிசெய்கிறேன் என்று அவள் சொன்னதற்கு, "மந்திரிச்ச கல்ல ஊரான் வந்து கடப்பாற போட்டுப் பேக்கறதா?" என்று அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அருள்ராணி நேராகப் பங்குச்சாமியாரிடம் போனாள். அவர் சிரித்துவிட்டார். "நான் மந்திரிச்சது வீட்டையும் அதுல குடியிருக்கறவங்களையும்மா. சிமெண்டுக் கல்லுக்கு எதுக்கு மோட்சம்? தாராளமாப் பேத்துப் போடச் சொல்லு."

"சாமியாரே சொல்லிட்டாரா? அப்பச் சரி," என்றான் அமல்தாஸ். "திருவிழா முடியட்டும்."

அந்த வருஷம் அவன்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர். அக்டோபரில் மாதா தேர் ஒவ்வொரு கேட்டிலும் நிற்கும். வீட்டார் மெழுகுவத்தியோடு வெளியே வந்து வேண்டுதலாகத் தேரில் உப்பும் மிளகும் போடுவார்கள். தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தேருக்கு முன்னால் நடப்பார்.

"தேரு நம்ம வூட்டாண்ட நிக்கறப்ப அப்பா உள்ளாற வாசல்லதான் இருப்பாருங்கண்ணா," என்றாள் அருள்ராணி. "ஏன் வெளிய வரலன்னு யாராச்சும் கேட்டா நான் வெவரமாச் சொல்லுவன். மைக்கு வேற பக்கத்துலயே இருக்கும்."

"என்ன பாப்பா, மெரட்டறயா?"

"முன்னாடியே சொல்லி வெக்கறங்கண்ணா. அப்பறம் சொல்லலன்னு சொல்லக் கூடாதில்ல?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு டிராக்டர் வந்து நின்றது. ஐந்து ஆட்கள் கல்லைப் பெயர்த்தார்கள். அடியில் ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த சிமெண்டுச் சாக்குகளும் உடைந்த டைல்ஸும் கிடந்தன. அருள்ராணி அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு, ஒரு சாக்கை உருவி, வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அப்பா அதைப் பார்த்தார். ஆட்களுக்கு நடுவில் நின்ற அமல்தாசையும் பார்த்தார். "அவங்களுக்கு டீ போடும்மா," என்றார்.

இந்த முறை ஜல்லி கொட்டி, மெஷின் வைத்து அடித்து, நூல் கட்டிக் கல் பதித்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. நாலு மாசம் அலைந்தது ஒரு பகல் வேலைக்கு. அமல்தாஸ் குளித்துச் சட்டை மாற்றி வந்து, ஞானத்தகப்பன் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அந்தப் படம் பங்கு வாட்ஸப் குழுவில் வந்தது. காலிழந்த தம் ஞானத்தந்தைக்குச் சொந்தச் செலவில் பாதை அமைத்துத் தந்த விழாத்தலைவரின் அன்புப் பணி என்று கீழே எழுதியிருந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அருள்ராணி சாக்குகளின் படத்தைத் தேடி எடுத்தாள்.

"போடாத," என்றார் அப்பா.

"உங்கள விழ வெச்சவன்பா அவன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நாளைக்கி நான் செத்தா என் பொட்டியத் தூக்க நாலு பேரு வேணும். அவன மொறச்சிக்கிட்டா இந்தப் பங்குல யாரு வருவா? நீ ஒருத்தியே தூக்கிருவியா?" அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம அவன் குடும்பத்துக்கு நன்றிப் பூசை ஒண்ணு வெக்கணும். சாமியாராண்ட போயி எழுதிக் குடுத்துட்டு வா."

"நான் போமாட்டன்."

"நீ போவ வேணாம்."

நாற்காலி வாசல் சரிவில் இறங்கியது. முப்பதடியிலும் எந்தக் கல்லிலும் அது இடறவில்லை. கேட்டை அவரே திறந்தார். "அடேங்கப்பா, தனியாவே வந்துட்டீங்களே" என்று முனியம்மாள் எதிர்வீட்டிலிருந்து சொல்ல, "எல்லாம் அமல்தாசு புண்ணியம்" என்று அவர் பாதையைக் கைகாட்டிச் சொன்னது கேட்டின் இந்தப் பக்கம் வரை கேட்டது. பிறகு இரண்டு கைகளாலும் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு கோயிலைப் பார்த்துப் போனார்.